‘ஹர்’ யாருக்காக நிற்கிறது? தள்ளுபடியான ஒரு தேர்வுக் கேள்வி பற்றிய நிகழ்வு ஆய்வு

அந்த வாக்கியத்தை முதலில் முழுதாக எழுதிவிடுகிறேன். பஸ் நிலையத்துப் புத்தகக் கடைகளில் தொங்கும் ஆங்கிலம் கற்கும் கையேடுகளில் இருப்பதுபோல் ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். சிரிக்க வேண்டாம்.

‘டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹர் டு கிரியேட் நாவல்ஸ் தட் அரைஸ் ஃப்ரம் அண்ட் எக்ஸ்பிரஸ் தி இன்ஜஸ்டிசஸ் ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்ஸ் ஹேவ் எண்ட்யூர்ட்.’

ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பட்ட அநீதிகளிலிருந்து பிறந்து அவற்றையே வெளிப்படுத்தும் நாவல்களை டோனி மாரிசனால் படைக்க முடிகிறது, அதற்குக் காரணம் அவருடைய மேதைமை என்பது பொருள். 1993-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற எழுத்தாளரைப் பற்றிய, பாராட்டுவிழா மேடையில் படிப்பது போன்ற, சற்று விறைப்பான வாக்கியம். 2002 அக்டோபரில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பள்ளி மாணவர்கள் எழுதிய பி.எஸ்.ஏ.டி. தேர்வில் இது ஒரு கேள்வியாக வந்தது. வாக்கியத்தில் நான்கு பகுதிகளுக்கு அடிக்கோடு போட்டிருக்கும். பிழை எந்தப் பகுதியில் என்று குறிக்க வேண்டும். நான்கும் சரியாக இருந்தால் கடைசித் தெரிவான ‘பிழை இல்லை’ என்பதைக் குறிக்க வேண்டும்.

விடைக்குறிப்பு ‘பிழை இல்லை’ என்றது. ஏழு மாதம் கழித்து, 2003 மே மாதத்தில், அந்தக் கேள்வியையே மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. மதிப்பெண்களைத் திரும்பக் கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் காரணம், மாரிசனைச் சுட்ட ‘அவரை’ என்ற பொருளில் வரும் ‘ஹர்’ என்ற ஒரு சொல்.

இந்த வழக்கைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போக விரும்பும் மாணவர்களுக்குச் சென்னையில் பல ஆண்டுகள் வாக்கியத் திருத்தம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த ‘ஹர்’ தவறு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, மாணவர்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னவனும் நானே.

தேர்வைப் பற்றி

பி.எஸ்.ஏ.டி. என்பது, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கு ஒத்திகை. பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்கள் எழுதுவார்கள். நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. கேள்விகளை உருவாக்கி மதிப்பிடும் வேலையை 1947-இல் தொடங்கப்பட்ட இ.டி.எஸ். நிறுவனம் செய்தது. ஒத்திகைதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு முதல் சல்லடை இந்த மதிப்பெண்தான். அன்றைய கணக்கில் மொழித்திறன், கணிதம், எழுத்துத்திறன் மூன்றுக்கும் 80 வீதம் மொத்தம் 240. மாநிலத்துக்கு மாநிலம் வெட்டுமதிப்பெண் மாறும். வெட்டுக்கோட்டின் மேல் நிற்பவனுக்கும் கீழ் நிற்பவனுக்கும் நடுவில் ஒரே ஒரு மதிப்பெண் இருக்கலாம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடிப்பதும் அப்போது வழக்கம். ஆகவே ‘ஹர்’ருக்கு அடியில் குறி போட்டவன் ஒரு மதிப்பெண் கிடைக்காமல் போனதோடு கால் மதிப்பெண்ணையும் கையிலிருந்து கொடுத்தான்.

எழுத்துத்திறன் பகுதி இத்தேர்வுக்குள் வந்ததே ஒரு புகாரால்தான். பெண்களைவிட ஆண்களுக்கே பி.எஸ்.ஏ.டி.யில் சராசரி மதிப்பெண் அதிகமாக வந்தது. அதனால் உதவித்தொகையிலும் ஆண்களின் பங்கு பெருத்தது. இது பாரபட்சம் என்று அமெரிக்கக் கல்வித்துறையின் குடிமை உரிமைகள் பிரிவுக்குப் புகார் போனது. சமரசமாக, 1997 முதல் எழுத்துத்திறன் பகுதி சேர்க்கப்பட்டது. நியாயத்துக்காகச் சேர்த்த பகுதியிலேயே ஐந்து ஆண்டுகளில் நியாயம் கேட்டு ஒருவர் கடிதம் எழுத நேர்ந்தது.

கடிதம் எழுதியவர்

அப்போதெல்லாம் தேர்வு முடிந்து சில வாரங்களில் மதிப்பெண் பட்டியலோடு வினாத்தாளும் மாணவர் கைக்குத் திரும்ப வந்துவிடும். பி.எஸ்.ஏ.டி.யின் இந்த வழக்கம் இல்லாவிட்டால் இந்த வழக்கும் இல்லை. மேரிலண்ட் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் இதழியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இந்தக் கேள்வியைப் பார்த்தார். ‘பிழை இல்லை’ என்ற விடை தவறு, ‘ஹர்’ பிழை என்று எழுதினார். இ.டி.எஸ். முதலில் மறுத்தது. அவர் விடவில்லை. கடிதங்கள் மாதக்கணக்கில் போயின, வந்தன. கடைசியில் வெளியிலிருந்து வல்லுநர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். அதன் பிறகு வந்ததுதான் மே மாத அறிவிப்பு.

அறிவிப்பில் ‘ஆசிரியர் சொன்னது சரி, நாங்கள் சொன்னது தவறு’ என்ற ஒப்புதல் இல்லை. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் மாணவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். எனக்கு இந்தப் பின்வாங்கல் பாதி நேர்மையாகவும் பாதி கோழைத்தனமாகவும் படுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விதி என்ன சொல்கிறது

ஆசிரியர் கையில் இருந்தது அமெரிக்கப் பள்ளி இலக்கணக் கையேடுகள் சிலவற்றில் காணப்படும் ஒரு விதி. அதன் வாதம் சுருக்கமானது. ‘மாரிசன்ஸ்’ என்ற உடைமை வடிவம் ‘ஜீனியஸ்’ என்ற பெயருக்கு அடைமொழியாக நிற்கிறது. அடைமொழியாக நிற்பது பெயரடை. பிரதிப்பெயர் ஒரு பெயருக்குப் பதிலாக வரலாமே தவிர, பெயரடைக்குப் பதிலாக வர முடியாது. வாக்கியத்தில் ‘மாரிசன்’ என்ற பெயர் தனியாக எங்கும் இல்லை. எனவே ‘ஹர்’ அந்தரத்தில் தொங்குகிறது.

கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கண்ணில் ஒரு மின்னல் தெரியும்; மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்துவிட்ட மின்னல். பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு அந்த மின்னல்தான் பிழைப்பு. நானும் அதற்கு ஆசைப்பட்டவன்.

ஒரு நாள் பின்வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள், அதிகம் பேசமாட்டாள். “சார், ‘ரவீஸ் மதர் லவ்ஸ் ஹிம்’ என்று எழுதினால் தவறா?”

“விதிப்படி தவறுதான் அம்மா.”

“அப்படியானால் ரவியின் அம்மா ரவியிடம் அன்பாக இருப்பதை இங்கிலீஷில் எப்படித்தான் சொல்வது, சார்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ‘ரவி இஸ் லவ்ட் பை ஹிஸ் மதர்’ என்று திருப்பிப் போடலாம். அதற்காக ஒரு மொழியில் உள்ள எல்லா அம்மாக்களையும் செயப்பாட்டு வினைக்குள் தள்ளுவதா?

அடைமொழியா, ஆளா?

விதி சறுக்கும் இடத்தைத் தமிழிலேயே காட்டிவிடலாம். இரண்டு சிறு தொடர்களைப் பாருங்கள்.

‘மரப்பெட்டியைத் திறந்தான். அதன் கிளைகள் காற்றில் ஆடின.’

‘மரத்தின் நிழலில் உட்கார்ந்தான். அதன் கிளைகள் காற்றில் ஆடின.’

முதலாவது உளறல். ‘அதன்’ பெட்டியைத்தான் பிடிக்கிறது. மரத்தை எட்டிப் பிடிக்க அதனால் முடியவில்லை. பெட்டி எதனால் ஆனது என்று சொல்வதோடு ‘மரம்’ கரைந்துபோய்விட்டது. இரண்டாவதில் எந்தச் சிக்கலும் இல்லை. ‘மரத்தின்’ என்பது நிழலுக்கு அடைமொழிதான். ஆனாலும் அந்த மரம் அங்கே நிற்கிறது, கிளையோடு நிற்கிறது. வேற்றுமை ஏற்ற பெயர் பெயராகவே இருக்கிறது. (‘இன்’ இங்கே உருபா, சாரியையா என்பதைப் புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், நம் வேலைக்கு அது தேவையில்லை.)

ஆங்கிலத்திலும் இதே பிரிவு உண்டு. ‘அமெரிக்கன்’ என்பது பெயரடை. ‘அமெரிக்காஸ்’ என்பது உடைமை ஏற்ற பெயர். பிந்தியது நாட்டைச் சுட்டுகிறது. அடுத்து வரும் பிரதிப்பெயர் அதைத் தாராளமாகப் பற்றிக்கொள்ளலாம். பள்ளிக் கையேட்டின் விதி இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. செய்யும் வேலை ஒன்று என்பதால் இனமும் ஒன்று என்று முடிவு கட்டியது. சமையல் செய்தால் அப்பா அம்மாவாகிவிடுவாரா?

விதியைக் காப்பாற்ற வாக்கியத்தைத் திருத்திப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். ‘ஹர் ஜீனியஸ் எனேபிள்ஸ் டோனி மாரிசன் டு கிரியேட்…’ என்று மாற்றினால் விதிக்குத் திருப்தி. பெயர் தனியாக வந்துவிட்டது. ஆனால் வாசகர் ‘ஹர்’ என்ற சொல்லில் நின்று, யாருடைய மேதைமை என்று தெரியாமல் நான்கு சொல் தள்ளிக் காத்திருக்க வேண்டும். அந்த ‘ஹர்’ வேறொரு பெண்ணாகக்கூட இருக்கலாம். தெளிவாக இருந்ததைக் குழப்பி இலக்கணப்படுத்தியதுதான் மிச்சம்.

2003-இல் மொழியியலாளர் அர்னால்ட் ஸ்விக்கி இந்தத் தடைக்கு ஒரு நீண்ட பெயர் சூட்டி, இது எங்கிருந்து கிளம்பியது என்று துருவினார். நல்ல ஆங்கில உரைநடையில் இந்த விதியை மீறாத எழுத்தாளரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பெரிய விளக்க இலக்கணங்கள் இப்படியொரு தடையைச் சொல்வதில்லை. ஆகவே என் தீர்ப்பு: இ.டி.எஸ். முதலில் சொன்ன விடைதான் சரி. ஆங்கிலத்தின்படி அந்த ‘ஹர்’ பிழை இல்லை.

இருந்தாலும் விதி வெறும் காற்றில் முளைக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு உண்மையான தலைவலி இருக்கிறது. ‘குமாரின் தம்பி வந்தபோது அவனுக்குக் காய்ச்சல்’ என்றால் யாருக்குக் காய்ச்சல்? உடைமைக்குள் ஒருவன், வெளியே இன்னொருவன். ‘அவன்’ இருவரையும் பார்த்துக் கண்ணடிக்கிறான். அதேபோல, ‘மாரிசனின் நாவல்களில் அவர் இப்படி எழுதுகிறார்’ என்ற வகைத் தொடரைப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரைகளில் வரிக்கு வரி எழுதுவார்கள். ‘நாவல்களில் மாரிசன் எழுதுகிறார்’ என்றால் முடிந்தது. பிரதிப்பெயர் அங்கே வேலையில்லாமல் நிற்கிறது. இந்த இரண்டு நோய்க்கும் யாரோ ஒரு ஆசிரியர் பத்தியமாகச் சொன்னது, நாளடைவில் எல்லாருக்கும் எப்போதும் என்று சட்டமாகிவிட்டது. மாரிசன் வாக்கியத்தில் அந்த நோய் இல்லை. அங்கே இருக்கும் ஒரே ஒற்றைப் பெண் மாரிசன்தான். ‘ஹர்’ வேறு யாரையும் பிடிக்க வழியே இல்லை.

கேள்வி எழுதியவர் எங்கே கண்ணி வைத்தார்?

எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் இது. ‘பிழை இல்லை’ என்ற விடையுள்ள கேள்வியைத் தயாரிப்பவர் சரியான வாக்கியத்தைச் சும்மா எழுதிவிடுவதில்லை. பிழைபோலத் தோன்றும் ஆனால் பிழையல்லாத இடங்களை நட்டுவைப்பார். மாரிசன் வாக்கியத்தில் அப்படி எத்தனை என்று பாருங்கள்.

எழுவாய் ‘ஜீனியஸ்’, ஒருமை. அதற்கு ‘எனேபிள்ஸ்’ என்ற ஒருமை வினை. ‘மாரிசன்ஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ஸைக் கண்டு பன்மையென மயங்குபவன் இங்கே விழுவான். ‘எனேபிள்’ என்ற வினை ‘டு கிரியேட்’ என்ற வடிவத்தைக் கேட்கும். ‘ப்ரிவென்ட்’ ஆக இருந்தால் ‘ஃப்ரம் கிரியேட்டிங்’ கேட்கும். இது இலக்கண விதி அல்ல, மரபு. எந்த வினைக்கு எது துணை என்பது பழக்கத்தால் வருவது. அடுத்து ‘தட் அரைஸ்… அண்ட் எக்ஸ்பிரஸ்’: ‘நாவல்ஸ்’ பன்மை என்பதால் இரண்டு வினைகளும் ‘ஸ்’ இல்லாமல் வர வேண்டும், வந்திருக்கின்றன.

பெரிய கண்ணி ‘அரைஸ் ஃப்ரம் அண்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற இடத்தில் இருக்கிறது என்பது என் ஊகம். ஒரு வினைக்கு ‘ஃப்ரம்’ வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். இரண்டுக்கும் செயப்படுபொருள் ஒன்று. ‘ஃப்ரம் அண்ட்’ என்று முன்னிடைச்சொல்லும் இணைப்புச்சொல்லும் ஒட்டி நிற்பது காதுக்கு முள்போலக் குத்தும். ஆனால் சரி. ‘ஃப்ரம்’மை விட்டுவிட்டால்தான் பிழை. தேர்வாளர்கள் இந்த இடத்தை விரும்பிக் கேட்பார்கள். தமிழில் இந்த அவஸ்தை வராது. ‘அநீதிகளிலிருந்து பிறந்து, அவற்றை வெளிப்படுத்தும்’ என்று நாம் வினையெச்சம் போட்டு, உருபைத் தனித்தனியாகக் கட்டிவிடுகிறோம். நம் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவதற்குக் காரணம் அறியாமை அல்ல, தாய்மொழியின் நல்ல பழக்கம்.

கடைசியாக ‘ஹேவ் எண்ட்யூர்ட்’. அன்று தொடங்கி இன்று வரை தொடரும் துன்பம் என்பதால் அந்தக் காலவடிவம் பொருந்துகிறது. எல்லாக் கண்ணியும் காலி. ஆகவே பிழை இல்லை. கேள்வி எழுதியவர் இப்படித்தான் எண்ணியிருப்பார். ‘ஹர்’ மேல் அவர் கண்ணே படவில்லை என்று பந்தயம் கட்டுவேன். எந்த ஆங்கிலேயனும் எந்த அமெரிக்கனும் பேச்சில் அந்த ‘ஹர்’ருக்காக நின்றதில்லை.

எனக்கு அந்த வாக்கியத்தில் உண்மையான குறை ஒன்று தெரிகிறது. அதை யார் கேள்வியாக்கினாலும் விடை சொல்ல முடியாது. ‘எக்ஸ்பிரஸ் இன்ஜஸ்டிஸ்’ என்பது. கோபத்தை வெளிப்படுத்தலாம், துயரத்தை வெளிப்படுத்தலாம். அநீதியை? அநீதியைச் சித்தரிக்கலாம், சாட்சி சொல்லலாம், வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். உள்ளே இருப்பதைத்தான் வெளிப்படுத்த முடியும். சொல்லோடு சொல் சேரும் மரபில் இது இடறுகிறது. ஆனால் இப்படிப்பட்ட இடறலை எந்தப் பொதுத்தேர்வும் கேட்காது. தொட்டால் வழக்கு நிச்சயம்.

சல்லடை ஏன் பிடிக்கவில்லை

இ.டி.எஸ். போன்ற நிறுவனத்தில் ஒரு கேள்வி அச்சேறும் முன் பல கைகள் மாறும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார், எந்தப் பிரிவினரையும் புண்படுத்துகிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள், பிறகு மதிப்பெண் சேராத பகுதியில் வைத்து மாணவர்களிடமே சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று: மொத்தத்தில் நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள் இந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதுகிறார்களா, குறைந்த மதிப்பெண்காரர்கள் தவறுகிறார்களா? அப்படியென்றால் கேள்வி ‘வேலை செய்கிறது’.

ஓட்டை இங்கே. காதால் ஆங்கிலம் அறிந்த கெட்டிக்கார மாணவர்கள் ‘பிழை இல்லை’ என்று குறிப்பார்கள். எண்கள் அழகாக வரும். அந்தக் கையேட்டு விதியைப் படித்து மனத்தில் இருத்திய சிலர் மட்டும் ‘ஹர்’ரைக் குறிப்பார்கள். கூட்டத்தில் அவர்கள் கரைந்துபோவார்கள். ஆசிரியர் சொன்னதைக் கேட்டு நடந்ததற்காக ஒரு மாணவன் மதிப்பெண் இழக்கிறான் என்பது புள்ளிவிவரத்தில் எங்கும் தெரியாது. ஆங்கிலம் தெரிந்தவன், ஆங்கிலத்தைப் பற்றிய விதி தெரிந்தவன் என்ற இரண்டு பேரில், விதி தெரிந்தவன்தான் இங்கே அடிபட்டான்.

பழைய பிரமிடுக் கதை ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1980 அக்டோபர் பி.எஸ்.ஏ.டி.யில் ஒரு வடிவியல் கேள்வி. நான்கு முகமும் சமபக்க முக்கோணமான ஒரு பிரமிடு. சதுர அடிப்பகுதியும் நான்கு சமபக்க முக்கோண முகங்களும் கொண்ட இன்னொன்று. முக்கோணங்கள் எல்லாம் ஒரே அளவு. ஒரு முகத்தோடு ஒரு முகத்தை ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும்? விடைக்குறிப்பு 7 என்றது: 4-ம் 5-ம் 9, ஒட்டியதில் மறைந்தவை 2. ஃபுளோரிடாவைச் சேர்ந்த மாணவன் 5 என்று குறித்திருந்தான். ஒட்டும்போது இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் ஒரே தளத்தில் சேர்ந்து ஒரே முகமாகிவிடுகின்றன. அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்தால் எவருக்கும் தெரியும். நிறுவனம் ஒத்துக்கொண்டது. 1981 மார்ச்சில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேரின் மதிப்பெண் உயர்ந்தது.

அந்தக் கேள்வியில் தீர்ப்புச் சொன்னது அட்டைப் பெட்டி. மாரிசன் கேள்வியில் தீர்ப்புச் சொல்ல அட்டை இல்லை. எந்த இலக்கண நூலை அலமாரியிலிருந்து எடுக்கிறோம் என்பதே அங்கே தீர்ப்பு. இதனால்தான் மே மாத அறிவிப்பைப் பாதி நேர்மை என்றேன். சண்டை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது நேர்மை. சண்டையில் ஒரு பக்கம் வெறும் கையேட்டு மூடநம்பிக்கை என்று சொல்லாமல் நழுவியது மற்றப் பாதி.

உண்மையான கோளாறு

பல ஆண்டுகள் ‘ஹர்’ சரியா தவறா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கோளாறு ‘ஹர்’ரில் இல்லை, கேள்வியின் வடிவத்தில் இருக்கிறது என்று புரிய நாளானது.

‘பிழை இல்லை’ என்பது முழுமுதற் கூற்று. உலகில் எந்த விதிப்படியும், எந்த ஆசிரியர் கையேட்டுப்படியும், இந்த வாக்கியத்தில் அடிக்கோடிட்ட எதிலும் குற்றமில்லை என்று அது சாதிக்கிறது. ஆங்கிலத்தைப் போல ஊருக்கு ஒரு பழக்கம் உள்ள மொழியில் அப்படிச் சாதிக்க எவராலும் முடியாது. இதே வாக்கியத்தை, மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வின் பழைய வடிவத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஐந்து தெரிவுகள். முதலாவது மூல வாக்கியமே. ‘எது பிழை’ என்று கேட்டதில்லை, ‘எது மேல்’ என்று கேட்டார்கள். மற்ற நான்கிலும் வினை ஒருமைபன்மை தவறியோ ‘ஃப்ரம்’ விடுபட்டோ இருந்தால், ‘ஹர்’ பிடிக்காத ஆசிரியரின் மாணவனும் முகம் சுளித்துக்கொண்டே முதலாவதைத் தேர்ந்தெடுப்பான். சண்டை இருக்கும், சேதம் இருக்காது. ஐந்து மாம்பழத்தில் நல்லதை எடு என்றால் யாரும் எடுத்துவிடுவார்கள். இந்தப் பழத்தில் ஒரு புள்ளிகூட இல்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னால்தான் தகராறு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை மாறியது. முதலில், யாரும் மறுக்காத பிழைகளைத் தேடச் சொன்னேன்: எழுவாய் பயனிலை இசைவு, அடைமொழி தவறான பெயரில் ஒட்டிக்கொள்வது, இணை உறுப்புகள் இணையாக இல்லாதது. அடுத்து மரபு. ‘ரிகார்ட்’ என்றால் ‘ஆஸ்’ வரும், ‘கன்சிடர்’ என்றால் வராது; ‘ஃபர்பிட்’ என்றால் ‘டு’, ‘ப்ரொஹிபிட்’ என்றால் ‘ஃப்ரம்’. இவற்றுக்குக் காரணம் கேட்கக் கூடாது. ‘அவனிடம் கேட்டேன், அவனோடு பேசினேன், அவனைத் திட்டினேன்’ என்பதற்கு நாம் காரணம் கேட்டா கற்றுக்கொண்டோம்? ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று நம்மூரில் எழுதுவது ‘பற்றிப் பேசுதல்’ என்ற தமிழ் உள்ளே இருந்து இழுப்பதால்தான். இந்த இழுப்பை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் பட்டியலிட்டால் பாதி வேலை முடிந்தது. சர்ச்சைக்குரிய விதிகள், உடைமைப் பிரதிப்பெயர் விதியும் சேர்த்து, கடைசியில்தான்: இரண்டு தெரிவுகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக நிற்கும்போது மட்டும் தராசில் போடும் குன்றிமணி.

இங்கே நம் ஊர்த் தேர்வும் நினைவுக்கு வராமல் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. பொதுத்தமிழில் பிழை திருத்தம் ஒரு பகுதி: சந்திப்பிழை, ஒருமைபன்மைப் பிழை, மரபுப்பிழை. குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும் வரை சிக்கல் இல்லை. கிளிக்கு வந்தால், கையேடுகளைப் புரட்டப் புரட்ட அது ஓரிடத்தில் பேசும், ஓரிடத்தில் கொஞ்சும், இன்னோரிடத்தில் மிழற்றும். ஆனால் அங்கே உத்தேச விடைக்குறிப்பை முதலில் வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்று நாள் கொடுக்கிறார்கள். மேரிலண்ட் ஆசிரியர் மாதக்கணக்கில் கடிதம் எழுதிப் பெற்றதை, இங்கே ஒரு கிளிக்காக எவரும் முறைப்படி கேட்கலாம்.

பிறகு நடந்தவை

அடிக்கோடிட்டுப் பிழை தேடும் இதே வகைக் கேள்வி, மாரிசன் தகராறுக்குப் பிறகும், 2005 மார்ச்சில் எஸ்.ஏ.டி.யின் புதிய எழுத்துத்திறன் பகுதிக்குள் போனது. 2016-இல் எஸ்.ஏ.டி.யை மாற்றியமைத்தபோதுதான் அது போயிற்று. பத்திக்குள் உள்ள தொடருக்கு ‘மாற்றம் வேண்டாம்’ உட்பட நான்கு தெரிவுகள் என்றானது. இப்போதைய கணினித் தேர்வில் அதுவும் இல்லை. கோடிட்ட இடத்தை நான்கில் ஒன்றால் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஜிமேட் ஒரு படி மேலே போய், 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தத்தையே எடுத்துவிட்டது. நான் பிழைப்பு நடத்திய பாடம் அது. பழைய வினாத்தாள் கட்டுகளை அந்த ஜனவரியில் எடைக்குப் போட்டேன்.

ஒன்றை மட்டும் போடவில்லை. அந்த மதுரைப் பெண் பயிற்சிக்குப் பயன்படுத்தி, படிப்பு முடிந்ததும் என்னிடமே விட்டுப்போன புத்தகம். மாரிசன் வாக்கியத்தை நான் அதில் ஒட்டிக் கொடுத்திருந்தேன். ‘ஹர்’ருக்கு நேரே பென்சிலால் ஒரு வட்டம், அதை அழித்த தடம், ‘பிழை இல்லை’க்கு நேரே இன்னொரு வட்டம். ஓரத்தில் சின்ன எழுத்தில்: ‘முதல் வட்டம் சாருக்காக.’